அரைப்பேர்

பதினெட்டில் ஒரு கிலோ குறைந்தாலும்
செக்ரோலில் அரைப்பேர்தான் விழும் எங்களுக்கு.
அதனால்தான்
விண்ணப்பப் படிவத்தில்
'முழுப்பெயர்' என்ற கோட்டைப் பார்த்ததும்
எனக்குச் சிரிப்பு வந்தது.

எழுதினேன்: மாரிமுத்து பரிமளகாந்தி.
வயது இருபத்தொன்பது.
முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா,
ஹட்டன், சனி ஞாயிறு வகுப்பு.
ஏழாம் கேள்வியில் பேனா நின்றது.
விவாகமானவர், விவாகமாகாதவர்,
விதவை, விவாகரத்துப் பெற்றவர்.
நாலு பெட்டி.
எதற்குள்ளும் நான் அடங்கவில்லை.

வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை வேலை என்று
அவர் பஸ் ஏறி ஐந்து வருடம்.
ஒரு தைப்பொங்கலுக்குப் பேசினார்.
அடுத்த பொங்கலுக்கு அந்த நம்பரை
ஒரு சிங்களப் பெண் எடுத்தாள்.
மாறி வந்துவிட்டது அக்கா என்றாள்,
மிகவும் மரியாதையாக.

செவ்வாய்க்கிழமை கிராம சேவகர் இருப்பார்.
போனேன்,
அன்றைய பேரை விட்டுவிட்டு.
"மரண சேட்டிபிகட் கொண்டாங்க,
இல்லாட்டி டிவோஸ் பேப்பர்."
"ஆள் உசிரோட இருக்காரு சேர்."
"அப்ப அவர்ட சம்பளக் கடிதம் கொண்டாங்க."
அவர் கேலி செய்யவில்லை.
படிவம் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

வெளியே மழை.
பிளாஸ்டிக் பைக்குள் பிறப்புச் சான்றிதழ்,
ஓ.எல். பெறுபேறு (கணிதம் இரண்டாம் தடவை),
மூன்று மாதச் சம்பளத் துண்டு.
குடையை நான் பிடிக்கவில்லை,
பைக்குப் பிடித்தேன்.

போட்டோக் கொப்பிக் கடைப் பையன்தான் சொன்னான்:
சத்தியக்கடதாசி ஒண்ணு முடிச்சிக் குடுங்க அக்கா,
இங்க எல்லாரும் அதைத்தான் செய்றாங்க.

அன்றிரவு எழுதினேன்.
துஷிகா என் தொடையில் தலை வைத்துத் தூங்க,
காம்பராவின் ஒற்றைப் பல்பின் கீழே
மூன்று பக்கம்.
அவர் சாகவில்லை என்று எழுதினேன்.
நாங்கள் சண்டை போடவில்லை என்றும்.
அவருடைய நீலச் சட்டையைக்
கொழுந்துப் படங்காகத் தைத்துக் கட்டியிருக்கிறேன் என்றும்.
காய்ச்சல் வந்த ஒரு இரவு
பிள்ளை என்னை அப்பா என்று கூப்பிட்டதையும்
எழுதினேன்.

சமாதான நீதவான் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார்.
ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தார்.
சிவப்புப் பேனாவை எடுத்தார்.
"இது வேணாம். இதுவும் வேணாம்.
சட்டையெல்லாம் என்னத்துக்கு?"
மூன்று பக்கம் நாலு வரியானது.
"மேற்படி நபர் கைவிட்டுச் சென்றுள்ளார்,
வருமானம் எதுவும் அனுப்புவதில்லை."
ரப்பர் முத்திரை விழுந்த சத்தத்துக்குக்
கடைப் பூனை எழுந்து போனது.

வெட்டிய பக்கங்களை
நான் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு கடிதம்:
கட்டணத்தில் ஐம்பது வீதம் அனுமதி.
மலையில் நிரைக்கு நிரை சொல்லிச் சிரித்தோம்.
"அங்கயும் அரைப்பேருதானாடி உனக்கு!"
வசந்தமாலா சிரித்த சிரிப்பில்
கூடை சரிந்து கொழுந்து கொட்டியது.
பொறுக்கிப் போட்டுக்கொண்டே
அவள் மெதுவாகச் சொன்னாள்:
"இந்த மாசச் சீட்டு எனக்கு விழுது.
நீ எடுத்துக்கோ.
என்னோட மாசத்த பின்னுக்குத் தள்ளிக்கிறேன்."

மிச்சத்துக்குக் கணக்குப் பார்த்தால்
ஞாயிறு கைக்காசுக்கு இனிப் போக முடியாது.
பஸ் காசு இருக்கிறது.
பிள்ளையை யாரிடம் விடுவது என்பது இருக்கிறது.
இரண்டாம் தவணை இருக்கிறது.
எதுவும் தீர்ந்துவிடவில்லை.

சனிக்கிழமை காலை
வகுப்பில் வரவுப் பதிவேடு கைமாறி வந்தது.
கடைசி வாங்கு.
பக்கத்தில் துஷிகா,
கைவிட்ட அந்த மூன்று பக்கங்களின் பின்புறத்தில்
மாடு ஒன்றுக்கு ஐந்து கால் வரைந்துகொண்டு.
கையெழுத்துக்கு ஒதுக்கிய கட்டம்
தீப்பெட்டியளவு.
மாரிமுத்து பரிமளகாந்தி
அதற்குள் அடங்காமல்
அடுத்தவரின் கட்டத்துக்குள் போய்விட்டாள்.

சுரண்டி அழிக்க ரப்பர் கேட்டு
கையை நீட்டினேன்.
பிறகு மடக்கிக்கொண்டேன்.